வெடிச் சத்தத்தில் சோறு

எங்கள் அண்ணனுக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் உண்டு. ரேஷன் கார்டும் ஆதார் கார்டும் பீரோவில் ஒரு கவரில் கிடக்கும். துப்பாக்கி லைசென்ஸ் மட்டும் முருகன் படத்துக்குப் பின்னால் இருக்கும். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு ஆலங்குளத்தில் ஒரு பாங்க் வாசலில் கொஞ்ச காலம் காவலுக்கு இருந்தார். அப்போது வாங்கியது அந்தத் துப்பாக்கி. வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கதவு திறந்து விட முடியாது என்று வேலையை விட்டார். துப்பாக்கியை விடவில்லை. யாராவது கேட்டால் பயிர்ப் பாதுகாப்பு என்பார்.

பாதுகாக்கப் பயிர் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். குற்றாலம் மலையடியில் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. ஊடே மரவள்ளி போட்டிருப்போம். பன்றிகள் மலையிலிருந்து குடும்பத்தோடு இறங்கி வந்து கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டுப் போகும். சுட்டால் கேஸ். அதனால் அண்ணன் வானத்தைப் பார்த்துச் சுடுவார். முதல் வருஷம் பன்றிகள் ஓடின. மறு வருஷம் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் தோண்ட ஆரம்பித்தன. எங்கள் பக்கத்தில் துப்பாக்கிக்கு முதலில் பழகியவை அந்தப் பன்றிகள்தான்.

வெடியோடு நாயும் பாய்ந்தால்தான் பன்றி ஓடும் என்று ஊரில் சொன்னார்கள். பக்கத்துத் தோப்புக்காரர் வீட்டு நாய் வெடிச் சத்தம் கேட்டதும் முன்னால் பாயும். அதைப் பார்த்ததிலிருந்து அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ராயகிரிப் பக்கம் ஒரு அண்ணாச்சி வீட்டில் கன்னி ஜாதி வேட்டை நாய் குட்டி போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டுப் புறப்பட்டார். வளர்க்கப் போகிறவள் நான்தானே என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த வீட்டில் எதை வளர்ப்பதாக இருந்தாலும் நான்தான். கோழி, மாடு, மதினியின் பேரப்பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். மதினி என்றால் அண்ணன் பெண்டாட்டி.

கன்னி நாயை எங்கள் பக்கத்தில் நல்ல மனுஷர்கள் விற்க மாட்டார்கள். வாக்கு வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். அந்த அண்ணாச்சி வெற்றிலைத் தட்டை நீட்டி, குட்டியை அண்ணன் கையில் கொடுப்பதற்கு முன்னால் சொன்னார்.

"விக்கப்பிடாது. அடுத்தவங்களுக்குக் கை மாத்தி விடப்பிடாது. உங்களுக்கு ஆகலன்னு தோணுச்சுன்னா எங்கிட்டயே கொண்டாந்து விட்டுரணும். ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

அண்ணன் தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டு சரி என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. என்னைக் கட்டிக்கொடுத்தபோது எங்கள் வீட்டில் யாரும் இப்படி வாக்கு வாங்கவில்லை. ஆனாலும் என் வீட்டுக்காரர் போனதும் அவர்கள் வீட்டில் ஒழுங்காகக் கார் வைத்துக் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போனார்கள்.

புறப்படும்போது அந்த அண்ணாச்சி இன்னொன்றும் சொன்னார். வெடிச் சத்தத்தைச் சோற்றோடுதான் பழக்க வேண்டுமாம். குட்டி தின்னும்போது முதலில் தூரத்தில் தட்டைத் தட்ட வேண்டும். பிறகு பிள்ளைகள் வெடிக்கிற பொட்டு வெடி, பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊசி வெடி, கடைசியாக நாலு வயல் தள்ளித் துப்பாக்கி. நாய் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்க்காமல் தின்றால் பழகிவிட்டது என்று அர்த்தம். நிமிர்ந்து பார்த்தால் அவசரப்படாமல் பின்னால் போய்விட வேண்டும், மறுபடியும் தூரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அண்ணன் காரை ஸ்டார்ட் செய்துகொண்டே தலையை ஆட்டினார். பட்டாளத்துக்காரனுக்கு வெடியைப் பற்றி வயலில் உழுகிற ஒரு சம்சாரி சொல்லித் தருவதாவது என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

அது ஆண் குட்டி. ஆண் நாய்க்கும் கன்னி என்றுதான் பெயர். கறுப்பு உடம்பு, புருவத்துக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு, கால்கள் உடம்புக்குச் சம்பந்தமில்லாத நீளம். அண்ணன் அவனுக்கு ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்தார். அதைக் கூப்பிட்டால் அவன் அண்ணனைத் தவிர எல்லாரையும் பார்ப்பான். நான் "ஏலே" என்று கூப்பிடுவேன். அடுக்களை வாசலில் நின்று அப்படி ஒரு குரல் கொடுத்தால் தோப்பின் அடுத்த ஓரத்திலிருந்து காது பறக்க ஓடி வருவான். எனக்காக ஒரு உயிர் ஓடி வருவது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. எனக்கு அவன் மேல் அவ்வளவு பிரியம் வந்துவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன், பிள்ளை இல்லாதவள் வைக்கிற பிரியம்தான்.

பழக்குகிற வேலையை நானே செய்தேன். அண்ணனுக்குப் பொறுமை கிடையாது என்பது எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். அவனுக்கென்று ஒரு பழைய எவர்சில்வர் தட்டு வைத்திருந்தேன். எங்கள் அம்மா கல்யாணத்துக்கு வந்த தட்டு, விளிம்பு நசுங்கியிருக்கும். அவன் தின்னும்போது நான் அடுக்களைக்குள்ளிருந்து கரண்டியால் ஒரு தூக்குச்சட்டியைத் தட்டுவேன். முதலில் காது மட்டும் ஆடியது. பிறகு காதும் ஆடவில்லை. பொட்டு வெடிக்கு வாலை ஆட்டினான். கார்த்திகைக்கு மிச்சமிருந்த ஊசி வெடிகளைப் பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றிரண்டாகக் கொளுத்திக் கொடுத்தாள். அதற்கும் அவன் நிமிரவில்லை. வெடித்தால் கறித்துண்டு வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தான். சில நேரம் கறி வைக்க மறந்தால் எப்போது வெடிக்கப் போகிறாய் என்று கேட்பதுபோல என் முகத்தைப் பார்ப்பான். இன்னும் ஒரு மாசம் கொடுத்திருந்தால் துப்பாக்கியும் அவனுக்குச் சாப்பாட்டு மணியாக ஆகியிருக்கும்.

அந்த நேரம் பார்த்துத் தேர்தல் வந்தது. தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். ஊருக்கு ஊர் கட்சிக்கொடி ஏறுகிற நாளில் எங்கள் வீட்டில் துப்பாக்கி இறங்கும். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது, மறுநாள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று. துப்பாக்கி திரும்பி வரும்போது சாரல் தொடங்கியிருக்கும், மரவள்ளியும் விளைந்திருக்கும். அதற்குள் நாய் தயாராக இருக்க வேண்டும் என்று அண்ணன் பக்கத்துத் தோப்புக்காரரிடம் வாய் விட்டிருந்தார் போலிருக்கிறது. போனை வைத்தவர் என்னைப் பார்த்து, சோற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு தோப்புக்கு வா என்றார்.

நான் சொன்னேன். இப்போதுதான் ஊசி வெடிக்கு வந்திருக்கிறான், துப்பாக்கி திரும்பி வந்த பிறகு தூரத்திலிருந்து ஆரம்பித்துக்கொள்ளலாம், அவசரம் வேண்டாம் என்று சொன்னேன். துப்பாக்கி இல்லாத நேரத்தில் நாய்க்குப் பழகினதெல்லாம் மறந்துபோகும் என்றார் அவர். தேர்தல் நேரத்தில் நாய்க்கு எப்படி மறக்கும், மனுஷனுக்குத்தானே மறக்கும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. தட்டில் கறியும் சோறும் பிசைந்து எடுத்துக்கொண்டு போனேன்.

அவனைத் தென்னை மரத்தில் கட்டியிருந்தார். ஓடாமல் நின்றால்தான் பழகும் என்றார். தட்டை வைத்ததும் அவன் வாலை ஆட்டிக்கொண்டு தின்ன ஆரம்பித்தான். அண்ணன் தோப்பு வேலிக்கருகே போய் நின்று மேலே பார்த்துச் சுட்டார். தென்னையிலிருந்து காகங்கள் எல்லாம் கிளம்பின. அவன் நிமிர்ந்தான். வாயிலிருந்த சோறு கீழே விழுந்தது. அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

அண்ணன் பின்னால் போகவில்லை. முன்னால் வந்தார். பாதி வழியில் நின்று இன்னொன்று. அவன் மரத்தைச் சுற்றி ஓடியதில் கயிறு சுருண்டு கழுத்து மரத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒன்றுக்குப் போய்விட்டான். நான் கயிற்றை அவிழ்க்கப் போனேன்.

"தொடாத ஏட்டி. இப்ப அவுத்து விட்டா ஓடணும்ங்கதுதான் அவன் மண்டையில ஏறும்."

"அண்ணே, அது திங்கல. நிமிந்து பாத்தா பின்னால போவணும்னு அந்த அண்ணாச்சி சொன்னாங்கள்லா."

"பட்டாளத்துல எங்களையும் இப்பிடித்தான் பழக்கினான். நாங்க என்ன செத்தா போயிட்டோம்?"

மூன்றாவதைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நின்று சுட்டார். அதற்கு அப்புறம் அவனிடம் சத்தமே இல்லை. நடுங்கக்கூட இல்லை. மரத்தடியில் தலையை மண்ணுக்குள் திணித்துக்கொண்டு கிடந்தான். பாத்தியா, இப்பம் அசையாம இருக்கான் பாரு என்றார் அண்ணன். உண்மையிலேயே பழக்கிவிட்டதாகத்தான் நினைத்தார். மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

அன்றைக்கு நான் தட்டில் சோறு வைத்ததும் அவன் எழுந்து ஓடினான். வெடியைக் கண்டு ஓடவில்லை, வெடி ஸ்டேஷனில் இருந்தது. தட்டைக் கண்டு ஓடினான். அந்தத் தட்டு வந்தால் பின்னாலேயே வெடி வரும் என்று அவனுக்குப் பாடம் ஏறிவிட்டது. சோற்றோடு வெடியைப் பழக்கச் சொன்னார் அந்த அண்ணாச்சி. அண்ணன் வெடியோடு சோற்றைப் பழக்கிவிட்டார். அந்தத் தட்டு இப்போதும் எங்கள் அடுக்களையில்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு என் கையிலிருந்து மட்டும்தான் தின்றான், அதுவும் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டு. குக்கர் விசில் அடித்தால் நடுங்குவான். கதவு காற்றில் அடித்தால் நடுங்குவான். தென்னந்தோப்பு வைத்திருக்கிற வீட்டில் தேங்காய் விழுவதற்கு நேரம் காலம் உண்டா? ஒவ்வொரு தேங்காய்க்கும் அவன் ஒரு தடவை செத்தான். விலா எலும்பை எண்ணிவிடலாம் போல் ஆனான். தோப்புக்காரர் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, பன்றி வந்தால் இவனை யார் காவல் காப்பது என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்.

ராயகிரி அண்ணாச்சி ஒரு நாள் போன் செய்தார். குட்டி எப்படி இருக்கிறான், வெடிக்கு நிற்கிறானா என்று விசாரித்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். சிலிண்டருக்குப் பின்னால் அவன் கிடந்தான். அண்ணன் போனில், "அம்சமா நிக்கான் அண்ணாச்சி, மல மாதிரி நிக்கான்" என்றார்.

போனை வைத்ததும் நான் கேட்டுவிட்டேன். அவர்தான் ஏன் எதற்கு என்று கேட்க மாட்டேன் என்று சொன்னாரே, வாக்குக் கொடுத்தபடி அவரிடமே விட்டுவிடலாமே, அங்கே போனால் பிழைத்துக்கொள்வான் என்று.

"அவரு கேக்க மாட்டாரு. நாயப் பாத்தாலே தெரிஞ்சிரும்லா, எவன் கெடுத்தான்னு. எம் மூஞ்சில கரியப் பூசிக்கிட்டு நான் ராயகிரிக்குப் போவணுமாக்கும்?" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து யாருக்கும் சொல்லாததுபோலச் சொன்னார். "வேலைக்கு ஆவாத உருப்படிய எத்தன நாளைக்கு வீட்டுல வச்சு சோறு போட முடியும்?"

மதினி பருப்பு கடைந்துகொண்டிருந்தாள். அவள் கை ஒரு கணம் நின்றது. என்னைப் பார்த்தாள், பிறகு மறுபடியும் கடைய ஆரம்பித்தாள். அண்ணன் நாயைத்தான் சொன்னார், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்குப் பொருந்துகிற உருப்படி இரண்டு இருந்தது, மூன்று பேருக்கும் தெரியும். நான் களைந்த அரிசியை உலையில் போட்டேன்.

சித்திரை முடிகிற சமயம் மதினி என்னைக் கீழப்பாவூர் நரசிம்மர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் என்னை எங்கேயும் கூட்டிக்கொண்டு போகிறவள் அல்ல. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பானகமும் பூவும் வாங்கிக் கொடுத்தாள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரச் சொன்னாள். திரும்பி வந்து நான் அடுக்களை வாசலில் நின்று "ஏலே" என்றேன். சிலிண்டருக்குப் பின்னால் கழுவி விட்டிருந்தது. ஆலங்குளத்தில் ஒரு சம்சாரி கேட்டார், கொடுத்துவிட்டேன் என்றார் அண்ணன். எந்த சம்சாரி என்று கேட்டதற்கு, உனக்குச் சொன்னால் மட்டும் தெரியுமா என்றார். நடுங்குகிற நாயைக் கேட்டு வாங்குகிற சம்சாரி ஆலங்குளத்தில் மட்டும் இல்லை, எந்த ஊரிலும் இருக்க மாட்டான். எனக்கு அழுகையை விட ஆத்திரம்தான் வந்தது. கோயிலில் வாங்கின பூ கையில் இருந்தது, பிய்த்து எறிந்தேன்.

ஊசி வெடி கொளுத்திக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரிதான் பிறகு எனக்குச் சேதி சொன்னாள். அவள் வீட்டுக்காரர் சீசனுக்குக் குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை போடுகிறவர். பேரருவிக்குப் பக்கத்தில், உங்கள் வீட்டு நாய் மாதிரியே ஒன்று சுற்றுகிறது, அருவி பார்க்கிற கூட்டத்தில் உங்கள் அண்ணன் காரிலிருந்து அதை இறக்கி விட்டதைப் பார்த்ததாக ஒரு ஆட்டோக்காரர் சொன்னார் என்றாள். வாக்குக் கொடுத்து வாங்கின நாயை, ஊர் பேர் தெரியாத ஜனம் வந்து போகிற இடமாகப் பார்த்து இறக்கி விட்டிருக்கிறார். ராயகிரிக்குப் போக அவருக்கு வெட்கம். இதற்கு வெட்கமில்லை.

மறுநாள் குளிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறினேன். பையில் ஒரு கயிறு வைத்திருந்தேன். அவனைப் பிடித்துக்கொண்டு அப்படியே ராயகிரிக்குப் போய்விடுவது என்று நினைத்திருந்தேன். நல்ல சாரல். எண்ணெய் தேய்த்த ஆண்கள், ஈரச்சேலையோடு பெண்கள், மிளகாய் பஜ்ஜி வாசனை, மேலே குரங்குகள். அருவி இரைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுவதற்கே கத்த வேண்டும். நான் கடைகளுக்கு நடுவே நின்று "ஏலே" என்று கூப்பிட்டேன். நாலைந்து ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் அந்தப் பெயரை வைத்தால் அப்படித்தான்.

பிறகு கறுப்பாக ஒன்று பஜ்ஜிக் கடை பெஞ்சுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. உடம்பு போட்டிருந்தான். காது பறக்க ஓடி வந்து என் முழங்காலில் தலையை வைத்து முட்டினான். நான் நடுவழியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சாரலில் நனைந்த முகம், அழுதது யாருக்கும் தெரிந்திருக்காது.

கடைக்கார அம்மா, உங்க நாயா என்று கேட்டாள். எங்கள் வீட்டில் இருந்தது என்றேன். அவள் ஒரு எவர்சில்வர் தட்டில் உதிர்ந்த பஜ்ஜியும் சோறுமாகப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். தட்டைப் பார்த்தால் ஓடுவான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் போய்த் தின்ன ஆரம்பித்தான். பக்கத்துக் கடையில் யாரோ ஷட்டரைத் தடாலென்று இழுத்து விட்டார்கள். அவன் நிமிரவில்லை. அருவி இரைகிற இரைச்சலில் அவனுக்கு அது கேட்கவே இல்லை. அங்கே குக்கரும் கேட்காது, தேங்காயும் கேட்காது, எந்த வெடியும் கேட்காது. அவனைக் கைவிடுவதற்கு அண்ணன் தேர்ந்தெடுத்த இடம் அவனுக்கு ஏற்ற இடமாக அமைந்துவிட்டது. அந்தப் புண்ணியத்தையும் அவர் கணக்கில் போய் எழுத வேண்டுமே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

கயிற்றைப் பையிலிருந்து எடுக்கவில்லை. ராயகிரியிலும் தீபாவளி உண்டு, கல்யாணம் உண்டு, சாவுக்கு வேட்டு உண்டு. நான் அவன் தலையைத் தடவிவிட்டுப் பஸ் ஏறும் இடத்துக்கு நடந்தேன். கூடவே வந்தான். கடைகள் முடிந்து அருவிச் சத்தம் குறைகிற இடத்தில், ஒரு ஆட்டோ சைலன்சர் படபடவென்று அடித்தது. அவன் நின்றுவிட்டான். அதற்கு மேல் ஒரு அடி வரவில்லை. நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். அவனுக்காவது அந்த இடம் இருந்தது. எனக்கு அந்த வீட்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் முற்றத்தில் உட்கார்ந்து துப்பாக்கிக் குழலைத் துணி விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓட்டு எண்ணி முடிந்து அன்றுதான் ஸ்டேஷனிலிருந்து வந்திருக்கிறது.

"எங்கன போயிட்டு வாரே?"

"அருவிக்கு. குளிக்க."

"தலைல எண்ணெய் அப்படியே இருக்கு" என்றார். மறுபடியும் குழலைத் துடைக்க ஆரம்பித்தார்.

மத்தியானச் சாப்பாடு மிச்சம் இருந்தது. அடுக்களையில் கிடந்த தட்டுகளில் கழுவியிருந்தது அந்த விளிம்பு நசுங்கின தட்டு ஒன்றுதான். அதில் சோற்றைப் போட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டு சிலிண்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மதினி எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஸ்டேஷனில் கிடந்த துப்பாக்கி சரியாக இருக்கிறதா என்று பார்க்க அண்ணன் கொல்லைப்பக்கம் போனார். ஜன்னலுக்கு நேர் வெளியே நின்று சுட்டார் போலிருக்கிறது. பாத்திரங்கள் அதிர்ந்தன. மதினி கையிலிருந்த கீரை சிதறியது.

நான் நிமிர்ந்து பார்க்காமல் தின்றுகொண்டிருந்தேன்.